நீலப் பை வைத்த சட்டை

1

நேற்று கான் ஹொய்யில் ஒரு வருடச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்தோம், நானும் என் மனைவியும் மகளும். ஒருவர் இறந்து வருடம் திரும்பினால் இந்த வியட்நாமில் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். நம் காரைக்காலில் வருடப் பாத்திஹா ஓதிச் சோறு ஆக்குவோமே, கிட்டத்தட்ட அதே மாதிரிதான். ஓதுவதற்குப் பதில் இங்கே ஊதுபத்தி.

ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கான் ஹொய். கப்பல் சாமான் இறங்குகிற இடம். வரிசையாகக் கிடங்குகள், அவற்றின் முதுகில் சாய்ந்து நிற்கிற தகர வீடுகள். அதில் ஒரு வீட்டு அம்மா எங்கள் கடைக்கு வெகுநாளாக வருகிறவர். தன் மகனுடைய நினைவு நாளுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார். மகன் பெயர் ஹுங். பட்டாளத்தில் எடுத்துக்கொண்டு போய், மலைப்பக்கத்துச் சண்டையில் இறந்துபோன பையன்.

அழைப்பு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன வருடம் அந்த அம்மா என் மகளிடம் ஒன்று கேட்டார். மகள் வேறொன்றைக் கொடுத்தாள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனவர், பிறகு கடைப்பக்கம் வரவே இல்லை. ஒரு வருடம். அவர் வராமல் போனதில் என் பங்கும் உண்டு. நம் ஊர்க்காரர்களுக்கு எழுதினால் நெஞ்சில் இருப்பது கொஞ்சம் இறங்குமென்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

என்னைப் பற்றி நாலு வரி. ஊரில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. மாமா கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறியபோது மீசை முளைக்கவில்லை. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், த்ருவோங் டின் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில், நம் ஊர் முதலாளி ஒருவரின் துணிக்கடை. அதில் தரை பெருக்கினேன், பிறகு கஜக்கோல் பிடித்தேன். முதலாளி ஊருக்குத் திரும்பியபின் கடையையே பார்த்துக்கொள்கிறேன். நான் படித்ததெல்லாம் துணி வாங்க வருகிறவர்கள் வாயிலிருந்துதான். யாராவது ஒரு வார்த்தையை நன்றாகச் சொல்லிவிட்டால் எனக்கு அளந்துகொண்டிருந்த கணக்கு விட்டுப்போகும்.

இந்த ஊரில் இந்தியர்களை 'அன் பாய்' என்று கூப்பிடுவார்கள். அன் என்றால் அண்ணன், பாய் என்றால் ஏழு. ஏழாம் அண்ணன். ஏன் ஏழு என்று பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கதை கிடைக்கும். எனக்கு அதில் ஒரு வசதி. ஊரிலும் நான் பாய், இங்கேயும் நான் பாய். அங்கே மார்க்கத்தால், இங்கே எண்ணால். ஆயிரக்கணக்கான மைல் வந்தும் கூப்பிடுகிற பெயர் மாறாத ஆள் நானாகத்தான் இருப்பேன்.

காகிதத்தில்தான் மாறியது. நான் பிறக்கும்போது காரைக்கால் பிரெஞ்சுக்காரனுடையது. நான் இங்கே துணி கிழித்துக்கொண்டிருக்கையில் அங்கே கொடி மாறிவிட்டது. இங்கேயும் பிரெஞ்சுக்காரன் மூட்டையைக் கட்டிவிட்டான். நீ பிரெஞ்சா இந்தியனா, யோசித்து எழுதிக்கொடு என்று நடுவில் ஒரு படிவம். என் சிநேகிதர் அந்துவான், புதுச்சேரி வேதக்காரர், பழைய குமாஸ்தா, அவர்தான் எனக்குச் சட்ட நிபுணர்.

"பிரெஞ்சுன்னே வச்சுக்க பாய். பப்பியே, அதான் காகிதம், கெட்டியா இருந்தா என்னைக்கும் ஒரு கப்பல் கிடைக்கும்."

வைத்துக்கொண்டேன். அதனால் இன்றைக்கு நான் பிரான்சை ஒருமுறைகூடப் பார்க்காத பிரெஞ்சுக்காரன்.

மனைவி இந்த ஊர்ப் பெண். நிக்காஹ்வுக்கு முன் ஹோவா, பிறகு கதீஜா. என்னிடமிருந்து கற்றுக்கொண்ட தமிழில் மரியாதையும் அதட்டலும் ஒரே வரியில் வரும். "நீங்க சாப்பிடு" என்பாள். எங்களுக்கு ஒரே மகள், ஜெயினம்பு. பிறப்பைப் பதியப் போன இடத்தில் எழுதியவர் என் உச்சரிப்பைக் கேட்டுவிட்டு 'ஜெயின்' ஒரு கட்டத்திலும் 'அம்பு' இன்னொரு கட்டத்திலும் எழுதிவிட்டார்.

"பொண்ணை ரெண்டாக் கிழிச்சுட்டாங்களே, நீ துணி கிழிக்கிற மாதிரி" என்றார் அந்துவான்.

அந்தக் கிழிசலை இன்றுவரை தைக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் அம்பு. தாய்வழியில் அவள் ஹாய், அதாவது ரெண்டு. இந்தத் தென்பக்கத்தில் தலைப்பிள்ளையை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், ரெண்டிலிருந்துதான் எண்ணுவார்கள். முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட நான் ஒருவன்தான்.

3

அவள் வளர்ந்தது கடையில் வெட்டுமேசைக்கு அடியில். நான் மேலே துணி உதற, அவள் கீழே வெட்டுத்துண்டுகளை நிறம் பிரித்து அடுக்குவாள். நம் ஆட்கள் நிறத்துக்கு வைத்த பெயர்களை அப்படித்தான் கற்றாள். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மயில்கழுத்து, வெங்காயத்தோல், அரக்கு. ஆனால் தாய்மொழியில் அவளுக்குப் பச்சையும் நீலமும் ஒன்று. இரண்டுக்கும் 'சான்' என்று ஒரே சொல். ரொம்ப அவசியப்பட்டால் இலைச் சான், கடல் சான் என்று பிரிப்பார்கள். கடைக்கு வந்து "சான் குடுங்க" என்றால் நான் நாலு துணிக்கட்டு இறக்கவேண்டும். என் மகளோ அவர்கள் முகத்தைப் பார்த்தே எந்தச் சான் என்று எடுத்துக் கொடுப்பாள்.

தமிழ் அவளுக்குப் பாதிதான் ஒட்டியது. இந்த ஊர் நாக்கு வார்த்தையின் வாலை விழுங்கிவிடும். ஒருநாள் ஓடிவந்து "அத்தா, சட்டை அழு" என்றாள். என்னம்மா அழுகிறது என்று பதறிப்போய்ப் பார்த்தால், அழுக்கு. சட்டை அழுக்காம்.

சின்ன வயதில் சுண்ணக்கட்டியால் வெட்டுமேசைமேல் அவள் அம்மாவை வரைந்தாள். கொண்டை, நெற்றி, இரண்டு கண், சிரிப்பு. நன்றாகவே இருந்தது. நான் உள்ளங்கையால் அழித்தேன்.

"முகம் எழுதக்கூடாதும்மா."

"ஏன் அத்தா?"

எனக்குத் தெரிந்தது ஊரில் ஓதிக்கொடுத்த லெப்பை சொன்னது மட்டும். அதையே சொன்னேன். நாளை மறுமையில் 'நீ எழுதிய உருவத்துக்கு உயிர் கொடு' என்று கேட்பார்கள், உன்னால் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவள் மேசையைப் பார்த்து, என் கையில் ஒட்டியிருந்த சுண்ணத்தையும் பார்த்துவிட்டு, "முடியாது" என்றாள்.

அதற்குப்பிறகு முகம் எழுதவில்லை. வரைவதையும் நிறுத்தவில்லை. துணியை வரைந்தாள். கொடியில் காய்கிற காற்சட்டை, ஆணியில் தொங்குகிற சட்டை, நாற்காலியில் கழற்றிப்போட்ட அங்கி. முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் ஒரு கோணலான தோள்பட்டையைப் பார்த்து, "இது அந்துவான் மாமா கோட்டுல்ல?" என்று கேட்டுவிட்டேன். இடதுதோள் இறங்கியிருந்தது, அவர் பை மாட்டி மாட்டி. முழங்கை மடிப்பு, முட்டி தொங்கல், கழுத்துப்பட்டையில் உட்கார்ந்த வேர்வை. ஆளே இல்லாமல் ஆளைக் காட்டிவிடுவாள். பார்க்கிறவர்கள் இது பிறவியில் வந்தது என்கிறார்கள். துணிக்கடையில் வளர்ந்ததும், அம்மா வழியில் ரெண்டு நிறம் ஒன்றானதும், என் உள்ளங்கை முகத்தை அழித்ததும் சேர்ந்து அந்தப் பெண்ணின் விரலை அந்தப் பக்கம் திருப்பின என்று எனக்குத் தோன்றுகிறது. இதில் எது கொடுத்தது, எது பறித்தது என்று இன்னும் பிரித்து அடுக்கத் தெரியவில்லை.

ஹுங்கைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன். துறைமுகத்திலிருந்து எங்கள் கடைக்குத் துணிப்பொதி சுமந்து வருகிற பையன். அவன் தாயாரை அவர்கள் எண்ணிக்கைப்படி நாலாம் அக்கா என்று கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் நாலக்கா. மகனுக்குச் சட்டை தைக்க என்று அவர் ஒருநாள் மலிவில் கேட்டு வந்தார். பச்சைக் கட்டம் போட்ட துணியில் கடைசித் துண்டு கிடந்தது. அளந்து பார்த்தால் பை வைக்கப் போதாது. நான் ஒரு நீலத் துண்டைக் கூடவே போட்டேன்.

"பைக்கு இதை வச்சுக்குங்க, நாலக்கா."

அவர் இரண்டையும் சேர்த்துப் பிடித்துச் சிரித்தார். (அவர்கள் மொழியில் பேசியதையெல்லாம் நம் பேச்சில்தான் எழுதுகிறேன்.) "சான் மேல சான்தானே பாய். என் மகன் மூட்டை தூக்குறவன், அவன் பையை யாரு பார்க்கப்போறா?"

என் மகள் பார்த்திருக்கிறாள். பொதியை இறக்கிவிட்டு அவன் வாசலில் நின்று தண்ணீர் குடிப்பான், அந்தப் பச்சைக் கட்டச் சட்டையோடு. இவள் உள்ளே துணி மடித்துக்கொண்டிருப்பாள். அதற்கு மேல் ஏதாவது உண்டா என்று நான் கதீஜாவைக் கேட்டேன். "நீங்க சும்மா இரு" என்றாள். சும்மா இருந்தேன்.

4

பதினேழு முடிந்ததும் மகள் ஓவியப் பள்ளிக்கு எழுதிப்போட வேண்டும் என்றாள். ஊர் இருந்த இருப்பில் யாரும் பெண்ணை ஓவியம் படிக்க அனுப்பவில்லை. தெருமுனையில் மணல்மூட்டை, தலைக்குமேல் ஹெலிகாப்டர், இருட்டினால் ஊரடங்கு. அந்துவான் தன் கப்பல் பேச்சை மறுபடி எடுத்தார். கப்பலேறி அங்கே போய் யாரைத் தெரியும் எங்களுக்கு? அனுப்பினேன்.

நுழைவுத் தேர்வுக்குக் கொடுத்த தலைப்பு 'சந்தை'. மற்றப் பிள்ளைகள் கூடை சுமக்கிற பெண்களையும் மீன் வெட்டுகிறவர்களையும் எழுதினார்களாம். இவள் எழுதிய சந்தையில் கூம்புத்தொப்பிகள் அந்தரத்தில் நிற்கின்றன. தொப்பிக்குக் கீழே சட்டை, சட்டைக்குக் கீழே செருப்பு. பேரம் பேசுகிற கை தெரியாது, சட்டைக்கை நீண்டிருக்கும். நடுவில் ஒரு பச்சைக் கட்டச் சட்டை மூட்டைக்கு அடியில் குனிந்திருக்கிறது, நீலப் பையோடு. அப்போது ஹுங் பட்டாளத்துக்குப் போய் நாலைந்து மாதம்.

தேர்வுப் படங்களை வராந்தாவில் மாட்டினார்கள். பொது இடத்தில் மாட்டுவதையெல்லாம் பார்வையிடுகிற அதிகாரி ஒருவர் வந்து இவள் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். பெற்றவரைக் கூப்பிடு என்றார்கள். கடையைக் கதீஜாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். அறையில் அதிகாரியும் ஓவிய ஆசிரியர் ஒருவரும். என் மகள் சுவரோரம்.

"சந்தையில மனுஷங்க எங்கே?" என்று கேட்டார் அதிகாரி.

"இருக்காங்க ஐயா, சட்டைக்குள்ளே."

"எனக்குத் தெரியலையே."

எனக்கு வேர்த்துவிட்டது. வேர்த்தால் என் வியட்நாம் மொழியில் பாதி உதிர்ந்துவிடும். எங்கள் வீட்டில் முகம் எழுதும் வழக்கம் இல்லை என்று சொல்லவேண்டும். முகத்துக்கு அவர்கள் சொல் 'மத்'. குரலைக் கீழே அமுக்கிச் சொல்லவேண்டும். அதே மத்தைக் குரலை ஏற்றிச் சொன்னால் இழப்பு, இறப்பு. நம் ஆட்கள் சாவை மௌத் என்கிறோமே, அதோடு ஒட்டிக்கொண்டு அந்த ஏறுகுரல் மத் என் நாக்கில் முதல் வருடமே பதிந்துவிட்டது. பதற்றத்தில் அதுதான் வந்தது.

"எங்க வீட்டுல மத், ஐயா. எழுதக்கூடாது."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். குரல் மாறிவிட்டது. "அடடா. யாரு?"

யார் முகத்தை என்று கேட்கிறார் என்று நினைத்தேன். "எல்லாருந்தான் ஐயா. நான், என் வீட்டுக்காரி, இந்தப் பொண்ணு. யாரையும் விடறதில்லை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வீட்டில் எல்லாரும் செத்துவிட்டோம், நான் உட்பட, என்று ஒரு ஆள் எதிரே நின்று சொன்னால் யார்தான் பார்க்கமாட்டார்கள். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசிரியர்தான் புரிந்துகொண்டு, குரலை அமுக்கி, "முகம். அவர் முகத்தைச் சொல்றாரு" என்றார். அதிகாரிக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு வெட்கம்.

சிரித்து முடித்துவிட்டு அவர் மறுபடி படத்தைப் பார்த்தார்.

"படம் நல்லாத்தான் இருக்கு, ஏழாம் அண்ணே. ஆனா இப்ப இந்த ஊர்ல இதைப் பார்க்குறவங்க நீங்க சொல்லவந்த வார்த்தையை நினைக்கமாட்டாங்க. நீங்க தப்பாச் சொன்ன வார்த்தையைத்தான் நினைப்பாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

பள்ளியில் இடம் கிடைத்தது. ஆசிரியர் வாசல்வரை வந்து மகளிடம் சொன்னார்: "முகம் எழுத இங்கே வந்து பழகிக்கலாம். முகம் இல்லாம நீ எழுதுற இதைப் பழக்கிக் கொடுக்க எங்ககிட்ட ஆள் இல்லை."

அந்த வார்த்தையைச் சிக்லோ ரிக்‌ஷாவில் வரும் வழியெல்லாம் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தேன். பெருமையாகவும் இருந்தது. ஏதோ ஒன்று குத்தவும் செய்தது.

5

படத்தைக் கடைச்சுவரில் மாட்டினேன். அந்துவான் பார்த்துவிட்டு, "என்ன முசியே, சலவைக்கடை திறக்கப் போறியா? விளம்பரம் ஜோராயிருக்கு" என்றார்.

படம் மாட்டிச் சில வாரம் கழித்து ஒரு காலையில் நாலக்கா வந்தார். எப்போதும் வாசலிலேயே பேரத்தைத் தொடங்குகிறவர், நேராக உள்ளே வந்தார்.

"வெள்ளைத்துணி குடு, பாய். முரடு. ஒரு தலைக்குக் கட்டற அளவு."

இந்த ஊரில் வெள்ளை முரட்டுத்துணி இழவுக்குத்தான். யாருக்கு என்று கேட்காமல் துணியை இறக்கினேன். அவரே சொன்னார்.

"அவனுக்குத்தான். நான் போனா அவன் எனக்காகத் தலையில கட்டணும். முந்திக்கிட்டான். அதனால கட்டிக்கிட்டே போகட்டும். பெட்டியைத் திறக்க விடலை, பெட்டிமேல கட்டணும்."

இத்தனை வருடம் துணி கிழித்தவன் நான். அன்றைக்கு அந்த ஒரு முழம் நேராகக் கிழிபடவில்லை. மடித்துக் கொடுக்கும்போதுதான் அவர் சுவரைப் பார்த்தார். போய் நின்றார். அந்த நீலப் பையின்மேல் ஒரு விரலை வைத்தார். எடுக்கவில்லை. என் மகள் மேசைக்குப் பின்னால் அசையாமல் நின்றாள்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் மறுபடி வந்தார். சாமிமேடையில் வைக்க மகன் படம் ஒன்றும் இல்லை. புத்தாண்டுச் சமயத்தில் சண்டை நகருக்குள் வந்து அவர்கள் சந்து எரிந்தபோது வீட்டிலிருந்த படங்களும் போய்விட்டன. அடையாள அட்டையில் ஒட்டியிருந்தது அவனோடு போய்விட்டது.

"அவன் படம் கேட்டு மூணு ஆபீஸ் ஏறிட்டேன். எழுதிக் குடுத்துட்டுப் போங்கறாங்க. எழுதிக் குடுத்திருக்கேன்." என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஹாய், சட்டையை எழுதியிருக்க. மேல முகத்தை எழுதிக் குடு. நீ பார்த்திருக்க அவனை. ரொம்ப நாள் ஆனா எனக்கே மறந்துடுமோன்னு பயமாயிருக்கு."

மகள் என்னைப் பார்த்தாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கூடாது என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "உன் இஷ்டம்மா."

நம் தகப்பன்மார்களின் இந்தச் சொல்லுக்கு வியட்நாம் மொழியில் சரியான வார்த்தை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பிடிக்கவில்லை என்றும் சொல்லலாம், தடுக்கவில்லை என்றும் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். பழி முழுக்கக் கேட்டவர் தலையில். என் மகளுக்குத் தமிழ் பாதிதான் தெரியும் என்றேன். அந்தப் பாதியில் இந்தச் சொல் இருந்தது.

நாலைந்து நாள் அவள் மாடியில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேலே போய்ப் பார்த்தேன். தரையெங்கும் தாள். எல்லாவற்றிலும் சட்டை உயிரோடு இருந்தது, மேலே ஒரு உருண்டை.

"வரலை அத்தா. கண்ணு பொத்தான் மாதிரி வருது."

நிஜமாகவே பொத்தான் மாதிரிதான் இருந்தது, நாலு துளை வைத்தால் தைத்துவிடலாம்.

"உயிர் குடுன்னு கேப்பாங்கன்னு சொன்னீங்கல்ல, சின்னதுல," என்றாள். "அந்தம்மாவும் அதைத்தானே கேக்குறாங்க. என்னால எப்படி முடியும்?"

நான் கீழே வந்துவிட்டேன்.

கடைசியில் அவள் சட்டையை மட்டும் எழுதினாள். ஆணியில் மாட்டிய பச்சைக் கட்டச் சட்டை, நிஜ அளவில். கை மடிப்பு, வேர்வைக் கோடு, கட்டத்தோடு கட்டம் சேராமல் கொஞ்சம் சாய்ந்து தைத்த நீலப் பை. நாலக்கா வந்து பிரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். திரும்பச் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டு போய்விட்டார். நான் வாசல்வரை போனேன். திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன்.

6

அந்த ஒரு வருடத்தில் என் மகள் எங்களைவிட்டு ஓரடி நகர்ந்துவிட்டாள். சண்டை ஒன்றுமில்லை. ஓவியப் பள்ளியில் அவர்களுடைய பேச்சு வேறு. சாப்பிட உட்கார்ந்தால் விரல்நகத்தில் கரி. அங்கே சுண்ணாம்பில் செய்த தலைகளை வைத்து வெளிச்சமும் நிழலும் பழக்குகிறார்களாம். வெள்ளைக்காரத் தலை, இந்த ஊர்க் கிழவர் தலை. அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொல்வாள். நானும் ரசத்தைப் பார்த்துக்கொண்டு கேட்பேன். நான் 'கூடாது' என்று ஒருநாளும் சொல்லவில்லை. 'இஷ்டம்' என்றுதான் இருந்தேன், வாயால் சொல்லாமல்.

நேற்று புறப்படும்போது அவள் கையில் ஒரு சுருட்டிய தாள். நூல் கட்டியிருந்தது. என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். வருடம் பூராவும் சுண்ணாம்புத் தலை எழுதியவள் எந்தத் தலைக்காகப் பழகினாள் என்று கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டாம். கதீஜா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "நீங்க வாய் மூடு இன்னைக்கு."

நாலக்கா வாசலில் நின்று எங்களைக் கூட்டிப்போனார். இளைத்திருந்தார். எங்களுக்கென்று புதுச் சட்டி வாங்கி, தனி அடுப்பில் காய்கறியும் தயிர்க்கட்டி மாதிரி இருக்குமே சோயாக்கட்டி, அதுவும் சமைத்திருந்தார். "பன்றி பட்ட சட்டி இல்லை பாய், பயப்படாம சாப்பிடு" என்றார். எங்கள்மேல் வருத்தத்தோடு இருக்கிறவர் இப்படிப் புதுச் சட்டி வாங்குவாரா என்று ஒரு யோசனை. வாங்கவும் செய்யலாம், இந்த ஊர்க்காரர்கள் மரியாதையில் குறை வைக்கமாட்டார்கள் என்று இன்னொரு யோசனை.

உள்ளே போனதும் சாமிமேடை. பழம், ஊதுபத்தி, ஒரு கிண்ணம் சோறு. நடுவில், முகம் இருக்கவேண்டிய இடத்தில், கண்ணாடி போட்டு, என் மகள் எழுதிய சட்டை.

மூன்று பேரும் நின்றுவிட்டோம். வந்திருந்த சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தச் சட்டைக்கு முன்னால் ஊதுபத்தியைத் தூக்கிக் குனிந்து நிமிர்ந்தார்கள். யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஒரு கிழவர் மட்டும், "என்ன, பையைக் கோணலாத் தைச்சிருக்க?" என்று நாலக்காவைக் கேட்டார்.

"அவன் நிக்கமாட்டான். அளவெடுக்க விட்டாத்தானே" என்றார் நாலக்கா.

சாப்பிட்டு முடிந்ததும் என் மகள் தாளின் நூலை அவிழ்க்கத் தொடங்கினாள். அதற்குள் நாலக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவளைவிட என்னிடம்தான் பேசினார்.

"வரவே இல்லைன்னு கோவமா பாய்? வந்தா அழுதுடுவேன். உன் துணியெல்லாம் வீணாப்போயிடும்." பிறகு மேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முகம் வேணும்னு கேட்டேன். வீட்டுக்கு வந்து இதை மாட்டினப்புறம் பார்த்தா, முகம் எனக்குத் தெரியுது. கண்ணை மூடினா வந்துடும். இந்தப் பைதான். இது எந்தச் சான், இலையா கடலான்னு மறந்துகிட்டே வந்துச்சு. தைச்சவ நானே மறந்துட்டேன். உன் மகளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு."

என் மகளின் கை நின்றது. அவிழ்த்த நூலை மறுபடி சுற்றி, தாளை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டாள். நாலக்கா பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வாங்கிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியாது.

திரும்பும்போது பாலத்தில் லாரி நெரிசல். சிக்லோவை விட்டு இறங்கி நடந்தோம். கதீஜா முன்னால், நாலக்கா கட்டிக்கொடுத்த பழத்தோடு. மகள் என்னோடு, தாளோடு. சாயங்கால வெயில். கீழே கப்பலிலிருந்து ஆட்கள் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாலத்தின் நடுவில் நான் நின்றேன்.

"காட்டும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். "முகம், அத்தா."

"தெரியும். காட்டு."

கைப்பிடிச் சுவரில் வைத்து விரித்தாள். காற்று மடக்கப் பார்த்தது, ஒரு ஓரத்தை நான் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் குடித்து முடித்துவிட்டு வாயைத் துடைக்கப் போகிற ஹுங். கீழுதட்டில் ஈரம். வெயிலுக்குச் சுருங்கிய கண். நாங்கள் நாலைந்து வருடம் பார்த்த பையன், என் கடைவாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

குனிந்து அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "பொத்தான் மாதிரி இல்லை."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்தாள். கரி கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. தாளைச் சுருட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். இரண்டு எட்டு விட்டு நான் கூப்பிட்டேன்.

"ஜெயினம்பு. மறுமையில உயிர் குடுன்னு கேட்டாங்கன்னா, அத்தாதான் எழுதச் சொன்னாருன்னு சொல்லிடு."

"நீங்க எங்கே சொன்னீங்க? உன் இஷ்டம்னுதானே சொன்னீங்க."

"இப்ப சொல்றேன். எழுது."